ஆயிரத்து இருநூறு வாக்கியங்கள்

காலை ஒன்பது மணிக்கு ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, விளக்கைக்கூடப் போடாமல் முதலில் கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்குவது கண்ணாடிக்காரருக்கு ஏழு மாதப் பழக்கம். அது முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் அவர் ஷட்டரை முழுக்கத் தூக்கி, வாசலைப் பெருக்கி, காட்சிப் பெட்டியில் இருக்கிற மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை ஒரு முறை துடைத்துவிடுவார். அன்றைக்குத் துடைத்து முடித்துத் திரும்பினால் திரை கறுப்பாகவே இருந்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இயந்திரத்தைக் கிளப்புவதற்கு உள்ளே ஒன்றுமே அகப்படவில்லை என்று அது சொன்னது. மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், டக், டக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் டக், டக், டக்.

இயந்திரம் மக்கர் செய்தால் எல்லோரும் என்ன செய்வார்களோ அதையே அவரும் செய்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். ஒயர்களை எல்லாம் பிடுங்கிச் சொருகினார். தூசி ஊதும் ரப்பர் குமிழை எடுத்து எல்லா ஓட்டைகளிலும் ஊதினார். உள்ளங்கையால் பெட்டியின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரை, அதே வரி, அதே டக் டக். பதினோராவது தடவைக்குப் பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைக் கணக்கோ வாடிக்கையாளர் பட்டியலோ தொலைந்திருந்தால் மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போயிருப்பார். அந்தப் பெட்டிக்குள் அவர் மனைவியின் குரல் இருந்தது.

மனைவி உயிரோடுதான் இருக்கிறாள். வீட்டில், இரண்டு தெரு தள்ளி. குரல்தான் போய்விட்டது. தொண்டையில் புற்று என்று சொல்லி, குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு துளை போட்டு அனுப்பினார்கள். மூச்சு அதன் வழியாக வருகிறது, போகிறது. அதன் மேல் ஒரு சின்னத் துணி. அவளுக்கு ஐந்து வயதில் அண்ணன் வைத்த பட்டப்பெயர் வானொலி. அணைக்கப் பொத்தான் இல்லாத வானொலி என்று அந்த அண்ணன் கல்யாணத்தன்றே மாப்பிள்ளையை எச்சரித்திருந்தார். எச்சரிக்கை வீண் போகவில்லை. முப்பது வருடமாகக் கடைக்கு அவள் வாய், இவர் கை. வருகிறவரை உட்கார வைப்பது, எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பது, "இந்த ஃபிரேம்ல உங்க மூக்கு கொஞ்சம் அடங்கித் தெரியுது" என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்க வைப்பது, தூரத்துக் கண்ணாடி போடச் சொன்னால் அழுகிற பிள்ளைகளைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவள். உள்ளே குனிந்து லென்ஸைத் தேய்ப்பது இவர். ஒரு நாளைக்கு இவர் பேசுகிற பேச்சை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்பு டாக்டர் ஒரு வழி சொன்னார். வெளியூரில் ஒரு நிறுவனம். அவர்கள் அனுப்புகிற ஆயிரத்து இருநூறு வாக்கியங்களைச் சொந்தக் குரலில் படித்துப் பதிவு செய்து கொடுத்தால், பிறகு போனில் எதைத் தட்டினாலும் அதே குரலில் பேசும்படி செய்து தருவார்கள். கண் பார்க்கிற உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் மைக்கைச் சொருகி, அவள் பதினெட்டு நாள் படித்தாள். "மேசை மேல் மூன்று எலுமிச்சம்பழங்கள் இருக்கின்றன." "ரயில் இன்னும் வரவில்லையா?" குரல் ஏற்கெனவே கரகரத்திருந்தது. நடுநடுவே இருமினாள். நடுநடுவே, "இந்த வாக்கியத்த எழுதுனவன் வாழ்க்கையில ஒரு மனுஷன்கிட்டயாவது பேசியிருப்பானா?" என்று கேட்டாள். அதுவும் பதிவாகியிருந்தது.

அப்படியே அனுப்பியிருக்கலாம். நிறுவனத்துக்காரர்கள் அப்படியே அனுப்பச் சொல்லித்தான் கடிதம் எழுதினார்கள், இரண்டு தடவை. நம் ஆள் விடவில்லை. இருமலோடு, கரகரப்போடு, வெளியே போன லாரியின் ஹாரனோடு எப்படி அனுப்புவது? இதற்கென்று ஒரு மென்பொருளைக் கற்றுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியமாக இருமலை வெட்டி, இரைச்சலை வடிகட்டி, பிசிறு இல்லாமல் செய்துகொண்டிருந்தார். ஏழு மாதம். ஒரு லென்ஸை வெளியே அனுப்புவதற்கு முன் விளக்குக்கு நேரே பிடித்து ஆறு தடவை பார்க்கிறவருக்கு வேறு எப்படியும் செய்யத் தெரியாது. அந்த நேரத்தில் வீட்டில் அவள் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். போனில் ஏற்கெனவே இருக்கிற பெண்குரலை ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்தாள். லிஃப்டில் மாடி எண் சொல்லும் பெண்ணுடைய குரல் அது. "எவளோ ஒருத்தி என் வீட்ல பேசறா" என்று பலகையில் எழுதிவிட்டு அதை அணைத்துவிட்டாள்.

இன்னும் முப்பத்தொரு வாக்கியம்தான் பாக்கி. அன்று காலை கிளம்பும்போது அவள் பலகையை நீட்டியிருந்தாள். "இன்னைக்கு முடிஞ்சிருமா?" அவர் தலையை ஆட்டினார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்றேன். கேக்கணும்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

பத்தரை மணிக்குக் கம்ப்யூட்டர்காரம்மா வந்தாள். அடுத்த தெருவில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறவள். நாற்பத்தைந்து வயது, பேச்சு வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. வந்தவள் உட்காரக்கூட இல்லை. சத்தத்தைக் கேட்டாள், உடனே பிளக்கைப் பிடுங்கினாள்.

"எத்தனை தடவ போட்டீங்க?"

"நாலஞ்சு தடவ."

"அண்ணே, நான் உங்க வீட்டம்மா இல்ல. உண்மையச் சொல்லுங்க."

"பதினொண்ணு."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்ன உலோகப் பெட்டியை உருவி எடுத்தாள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. "இதுதான் ஹார்ட் டிஸ்க். இதுக்குள்ள ஒரு தட்டு சுத்தும். அதுக்கு மேல ஒரு குட்டிக் கை, தொட்டும் தொடாம ஓடிப் படிக்கும். அந்தக் கை போயிருச்சு. எங்க படிக்கணும்னு தெரியாம திரும்பத் திரும்பப் போய் முட்டுது, அதான் இந்த டக் டக். நீங்க ஒவ்வொரு தடவ போடறப்பவும் அது தட்டைச் சுரண்டியிருக்கலாம்."

"அப்ப உள்ள இருக்கறது?"

"தட்டுல இருக்கு. தூசியே இல்லாத ரூம் வச்சு இதத் திறக்கறவங்க இருக்காங்க. வேற கை மாட்டிப் படிக்கப் பாப்பாங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும். எல்லாமே கிடைக்கலாம், பாதி கிடைக்கலாம், ஒண்ணுமில்லாமயும் போகலாம். தேத்தறதுக்காகப் பொய் சொல்ல எனக்கு வராது." அவள் நிமிர்ந்தாள். "காப்பி எடுத்து வச்சிருக்கீங்கள்ல? போன தடவ வந்தப்பவே சொன்னேனே."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். "எல்லாத்தையும் சுத்தம் பண்ணி முடிச்சிட்டு எடுக்கலாம்னு இருந்தேன். அழுக்கோட எதுக்கு ரெண்டு காப்பின்னு..."

அந்த டிஸ்க்கை அனுப்பத் தனிப் பையும் பெட்டியும் வேண்டும், கடைக்குப் போய் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு வருகிறேன், நாலு மணிக்குக் கூரியர் என்றாள். ஹார்ட் டிஸ்க்கை அவர் வேலை செய்கிற மேசையில், ஒரு துணியின் மேல் வைத்தாள். "இத யாரும் தொடக் கூடாது. நீங்களும்தான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

ஒரு வாடிக்கையாளர் வந்தார், மூக்குப் பிடி ஒன்று தளர்ந்திருந்தது. சரி செய்து கொடுத்தார். அவர் போன பிறகு கடையில் யாரும் இல்லை. மேசையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்குக்குக் கீழே அது கிடந்தது.

ஏழு மாதமாக டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், நர்ஸ் பார்த்துக்கொள்வார், நீங்கள் வெளியே உட்காருங்கள் என்று எல்லோரும் அவரை நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். மனைவியின் கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்ய அவர் கற்றுக்கொண்டபோதுகூட அவள் தானே செய்துகொள்வதாகக் கையை விலக்கிவிட்டாள். இப்போது இன்னும் மூன்று வாரம் உட்காரச் சொல்கிறார்கள். ஒன்றுமில்லாமலும் போகலாம் என்கிறார்கள். ஐந்து மணிக்கு அவள் வந்து நிற்பாள். இதை எல்லாம் நினைத்தபடி அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். பார்ப்பதில் என்ன இருக்கிறது? திருகுகள் குட்டிக் குட்டியாக, நட்சத்திர வடிவத் தலையோடு இருந்தன. அந்த அளவுத் திருப்புளி அவரிடம் இருந்தது. சில விலை உயர்ந்த ஃபிரேம்களுக்கு அதுதான் வேண்டும். ஊரில் வேறு யாரிடம் அது இருந்திருக்கும்? இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு திருகும் வந்துவிட்டன, மூடி வரவில்லை. இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவர் மூடியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் பள்ளம் தட்டுப்பட, காகிதத்தைக் குத்தி ஏழாவது திருகைக் கண்டுபிடித்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூடியை எடுத்தார்.

உள்ளே ஒரு வட்டக் கண்ணாடி. அவர் வாழ்நாளில் பார்த்த எந்தக் கண்ணாடியையும்விடத் துல்லியமான பளபளப்பு. அதில் அவர் முகம், புருவத்து நரை முதற்கொண்டு தெரிந்தது. உள் விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு வளையம், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி. அவ்வளவுதானா? அவருக்கு நெஞ்சு இலேசானது. உடைந்திருக்கும், நொறுங்கியிருக்கும் என்று பயந்தது அத்தனையும் வெறும் அழுக்கு. அழுக்குப் படிந்தால் எதுவும் படிக்காதுதான். எத்தனை பேர் பார்வையே போய்விட்டது என்று அலறிக்கொண்டு இந்தக் கடைக்கு வந்து, இவர் ஒரு தடவை துடைத்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அசடு வழியப் போயிருக்கிறார்கள்!

குட்டிக் கையைச் சாமணத்தால் பிடித்து ஓரமாக ஒதுக்கினார். லென்ஸ் துடைக்கிற திரவத்தை இரண்டு பீச்சு பீச்சினார். புதுத் துணி ஒன்றை உறையிலிருந்து எடுத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு, அழுத்தாமல், பொறுமையாக, சுற்றிலும் துடைத்தார். வளையம் முழுக்கப் போகவில்லை. அந்த இடத்தில் மட்டும் சற்று அழுத்தினார். விளக்குக்கு நேரே சாய்த்து ஆறு தடவை பார்த்தார். பிறகு மூடினார், ஏழு திருகையும் முடுக்கினார், பழைய இடத்திலேயே மாட்டி, பொத்தானை அமுக்கினார்.

டக் டக் வரவில்லை. ஒரு விநாடி அவர் சிரித்தேவிட்டார். அப்புறம் பெட்டிக்குள்ளிருந்து கிர்ரென்று ஒரு கீறல் சத்தம் கிளம்பி, நிற்காமல் நீண்டு, அவர் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கும் வரை கேட்டது.

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர்காரம்மா பையும் பெட்டியுமாக வந்தபோது அவர் ஸ்டூலில் இருந்தார். காகிதத்தில் இருந்த ஓட்டையை அவள் பார்த்தாள். மேசையில் கிடந்த துணியைப் பார்த்தாள், திரவக் குப்பியைப் பார்த்தாள். மூடியைத் தானே திறந்தாள். சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் போனை எடுத்து யாரிடமோ பேசினாள். "திறந்தாச்சு... ஆமா... இல்ல, துடைச்சாச்சு... திரவம் போட்டு... அதுக்கப்புறம் ஓட்டியும் பாத்தாச்சு." எதிர்முனையில் பேசியவர் இரண்டே வாக்கியம்தான் சொன்னார். அவள் போனை வைத்தாள்.

"வேணாம்னுட்டாங்க. அனுப்பியும் புண்ணியமில்ல."

"ஒண்ணும் வராதா?"

"ஒண்ணும் வராது அண்ணே." அவள் முதல் தடவையாக உட்கார்ந்தாள். "விட்டுட்டுப் போனேன் பாருங்க, என்னைச் சொல்லணும். கையோட எடுத்துட்டுப் போயிருக்கணும்." பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இங்க பாருங்க. நீங்க தொடாம இருந்திருந்தாலும் நிச்சயமில்ல. நெஜமாத்தான் சொல்றேன். அண்ணிகிட்ட தானா போச்சுன்னு சொல்லிருங்க. காலைலயே போச்சு, அது உண்மைதான? நான் வாயத் திறக்க மாட்டேன்."

பொய் சொல்லித் தேற்ற வராது என்று காலையில் சொன்னவள். அவர் நிலை அவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மனைவி வந்துவிட்டாள். தலைவாரி, கழுத்துக்குப் புதுத் துணி கட்டி, காதில் தோடு மாற்றி, பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு. இதற்கெல்லாம் யாராவது தோடு மாற்றுவார்களா? அவள் மாற்றினாள். வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு" என்றார். "காலைல வந்தேன், ஓடல. அந்தம்மா வந்து பாத்துச்சு. உள்ள இருந்தது... எல்லாம் போச்சு. எடுக்க முடியாதாம்."

அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பலகையில் எழுதினாள். "எல்லாமுமா?"

"எல்லாம்."

அதை அழித்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது, கீழே விழவில்லை. கழுத்துத் துணி வேகமாக உள்ளே போய் வெளியே வந்தது. கடைசியில் எழுதினாள். "விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க. ஏழு மாசமா ராப்பகலா உக்காந்தீங்க." எழுதிவிட்டு, எட்டி அவர் கையைப் பிடித்து, இரண்டு தடவை தட்டிக் கொடுத்தாள். துணி பிடித்த அதே கையை.

திட்டியிருந்தால் மனிதர் அந்தப் பொய்யோடு காலம் தள்ளியிருப்பார். தட்டிக் கொடுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கையை உருவிக்கொண்டார்.

"அது தானா போகல" என்றார். அதற்கப்புறம் முப்பது வருடத்தில் பேசாத அளவுக்கு ஒரே மூச்சில் பேசினார். "கெட்டது தானாத்தான் கெட்டுச்சு. ஆனா திறக்காம அனுப்பியிருந்தா வந்திருக்கலாம்னு அந்தம்மா சொல்லிச்சு. தொடாதீங்கன்னு சொல்லிச்சு. நான் திறந்தேன். அழுக்குன்னு நெனச்சு துடைச்சுட்டேன். லென்ஸ் துடைக்கற மாதிரி. உன் குரல நான்தான் துடைச்சேன். அதுக்கு முன்னாடியே, அவங்க அப்படியே அனுப்புங்கன்னு ரெண்டு தடவ லெட்டர் போட்டாங்க. உன்கிட்ட சொல்லல. ஆறு மாசம் முன்னாடியே நீ பேசியிருக்கலாம். உன் இருமல் நல்லாயில்லன்னு வெட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நான்தான். எல்லாம் நான்தான்."

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் போய்க் காட்சிப் பெட்டியில் இடித்தது. அவள் வாய் திறந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் யாரிடமும் வெறும் வாயை அசைத்ததில்லை. நர்ஸ் எவ்வளவோ பழக்கப் பார்த்தும், வாயை இறுக மூடிக்கொண்டு பலகையை எடுத்துக்கொண்டவள். இப்போது உதடுகள் அசைந்தன. அசையத் தொடங்கியதும் நிற்கவில்லை. கை ஆடியது, புருவம் ஏறி இறங்கியது, விரல் அவர் முகத்துக்கு நேரே வந்தது, பெட்டியைக் காட்டியது, தன் கழுத்தைக் காட்டியது. பழைய வானொலியேதான். ஏற்ற இறக்கம், நடுவில் மூச்சுக்கு நிறுத்துவது, விட்ட இடத்திலிருந்து இன்னும் சூடாகத் தொடங்குவது, ஒன்றும் குறையவில்லை. கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் புஸ் புஸ்ஸென்று வந்தது.

"எழுதிக் காட்டும்மா" என்றார் அவர். பலகையை எடுத்து நீட்டினார். அவள் அதை ஒரே தள்ளாகத் தள்ளினாள். அது தரையில் விழுந்தது. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் பேசும்போது அவர் ஒருநாளும் முகத்தைப் பார்த்தவரில்லை. உள்ளே குனிந்து லென்ஸைத் தேய்த்தபடி காதால் கேட்டே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர். இப்போது கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, இரண்டடி தூரத்தில் இருந்த அந்த உதடுகளையே இமைக்காமல் பார்த்தார். ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை.